அப்பா போட்ட உத்தரவு

(குருதிக் கொடையாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"மருத்துவம் சம்பந்தமா ஏதாவது பேசுங்க சார்" என்றுதான் உங்கள் செயலாளர் கேட்டார். நான் டாக்டர் இல்லை, வரலாறு படிக்கிறவன். ஆகவே ஒரு நோயாளியின் வரலாற்றைச் சொல்கிறேன். அவர் நம் ஊர்க்காரரும் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் இளம் அதிகாரியாக இருந்து, வியட்நாம் ஆறுகளில் ஒரு சிறு போர்ப்படகை நடத்தியவர். ஊர் திரும்பி வக்கீலானார். 36 வயதில் புற்றுநோய் கண்டது. 42 வயதில் போய்ச் சேர்ந்தார். வியட்நாம் போரிலிருந்து உயிரோடு திரும்பிய பிறகு இப்படி இறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் இவரை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தன் நோய்க்கு எந்த மருந்து காரணம் என்று இவர் நம்பினாரோ, அந்த மருந்தைத் தெளிக்கச் சொல்லி உத்தரவு போட்டவர் இவருடைய அப்பா.

அப்பா, மகன் இருவருக்கும் ஒரே பெயர், எல்மோ ஜும்வால்ட். குழப்பம் வேண்டாம் என்று அப்பாவை அட்மிரல் என்றும் மகனை எல்மோ என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

அட்மிரல் 1920-இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் துலாரே என்ற சிறிய ஊரில் வளர்ந்தார். தாய், தந்தை இருவரும் டாக்டர்கள். பிள்ளை கடற்படைக்குப் போனார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஷாங்காய் நகரில் இருந்தபோது, ரஷ்யத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்த மூஸா என்ற பெண்ணைக் கண்டு மணந்துகொண்டார். பின்னாளில், 1970-இல், 49 வயதில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதி ஆனார். அவ்வளவு இளம் வயதில் அந்த நாற்காலியில் அதற்கு முன் யாரும் உட்கார்ந்ததில்லை. மாலுமிகள் தாடி வைத்துக்கொள்ளலாம் என்பதிலிருந்து கறுப்பின மாலுமிகளுக்குச் சம மரியாதை என்பது வரை 121 சுற்றறிக்கைகள் அனுப்பினார். பழைய அட்மிரல்கள் பலருக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது. அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம், இன்று வேண்டாம். நமக்கு வேண்டியது அதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தைய கதை. 1968 செப்டம்பரில் அவர் வியட்நாமில் இருந்த அமெரிக்கக் கடற்படைக்குத் தளபதியாகச் சைகோன் வந்து இறங்கினார்.

சைகோன் என்ற பெயர் செட்டிநாட்டு வீடுகளில் பழகிய பெயர்தான். மேக்கோங் டெல்டாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்து வாங்கியவர்கள் நம் நகரத்தார். அந்த நகரின் நடுவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஆனால் அட்மிரல் கவலைப்பட்டது வயல்களைப் பற்றி இல்லை. டெல்டாவின் தென்கோடியில் கா மாவ் தீபகற்பம், முழுக்க அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் படகேறி உள்ளே போனவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரு பக்கமும் வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். பத்தடி தள்ளி ஆள் நின்றாலும் தெரியாது. அங்கே துப்பாக்கியோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால்வாய்களுக்குள் போன படகுக்கு 'ஸ்விஃப்ட் போட்' என்று பெயர். 50 அடி நீளம். அலுமினிய உடல், தகட்டின் கனம் கால் அங்குலம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கக் கட்டிய படகைப் பார்த்து, அதையே கொஞ்சம் மாற்றிப் போர்ப்படகு ஆக்கினார்கள். மேலே கூண்டில் இரட்டைத் துப்பாக்கி, பின்தளத்தில் ஒரு மார்ட்டர். ஒரு அதிகாரி, ஐந்து மாலுமிகள். இரண்டு டீசல் இஞ்சின்களின் சத்தம் படகு வருவதற்கு முன்பே கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒளிந்திருப்பவன் சாவகாசமாகக் குறி வைக்கலாம். படகில் இருப்பவர்களுக்கோ முதல் குண்டு தகட்டைத் துளைக்கும்போதுதான் ஆள் இருப்பது தெரியும்.

அட்மிரல் பின்னால் பலமுறை சொன்ன கணக்கு இது. ஆற்றுப் படகுகளில் மாதத்துக்கு 6 சதவீதம் பேர் சாகிறார்கள் அல்லது காயப்படுகிறார்கள். ஓராண்டுப் பணிக்கு வரும் பையன் ஒருவனுக்கு அடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். படையில் சேர்ந்தவனுக்கு அபாயம் உண்டு என்பது சரி. ஆனால் நாலு பேரை அனுப்பினால் ஒருவன்தான் கீறல் இல்லாமல் திரும்புவான் என்றால், எந்தத் தளபதிதான் தூங்க முடியும்? கரையில் மறைவு இல்லாமல் செய்துவிட்டால் சாவு குறையும். மறைவு என்றால் இலை. இலையை உதிர்க்க விமானப்படையிடம் மருந்து இருந்தது, 1962 முதலே தெளித்துக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்டார். இல்லை என்று உறுதி கொடுத்தார்கள். ஆற்றங்கரைகளில் தெளிக்கச் சொன்னார். தெளித்தார்கள். மாதத்துக்கு 6 சதவீதம் என்று இருந்தது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது என்று அவர் சொல்கிறார்.

அந்த மருந்துக்குத்தான் ஏஜென்ட் ஆரஞ்சு என்று பெயர். அது ஆரஞ்சு நிறத்தில் இருக்காது. 208 லிட்டர் பீப்பாயின் இடுப்பில் அடித்திருந்த ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். வெள்ளைப் பட்டை, நீலப் பட்டை, ஊதாப் பட்டை என்று மற்ற மருந்துகளும் உண்டு. எல்லாம் சேர்த்து 1971 வரை ஏழு கோடி லிட்டருக்கு மேல் அந்த நாட்டின் தலையில் கொட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் ஆரஞ்சு.

இங்கே விவசாயிகள் சிலர் இருக்கிறீர்கள், அதனால் இதை நின்று சொல்ல வேண்டும். ஏஜென்ட் ஆரஞ்சில் இரண்டு களைக்கொல்லிகள் பாதிக்குப் பாதி. ஒன்று 2,4-டி. நீங்கள் 'டூ ஃபோர் டி' என்று கடையில் கேட்டு வாங்கி நெல்லுக்கும் கரும்புக்கும் அடிக்கிறீர்களே, அதேதான். மற்றொன்று 2,4,5-டி. முதல் பாதியிலும் கவனம் தேவைதான். முகத்தில் துணி கட்டாமல் அடிக்காதீர்கள். ஆனால் பெரிய விஷம் வந்தது இரண்டாவது பாதியோடு. அதைத் தயாரிக்கும்போது சூடு கட்டுக்கு மீறினால் டையாக்சின் என்ற ஒரு பொருள் உபரியாக உண்டாகிவிடும். யாரும் வேண்டும் என்று சேர்ப்பதில்லை. அழுக்காக வந்து ஒட்டிக்கொள்கிறது. மண்ணிலும் சேற்றிலும் படிந்தால் பல்லாண்டு கிடக்கும். மீன், வாத்து, கோழி வழியாக மனிதக் கொழுப்புக்குள் போய் உட்காரும். போர்க்காலத்தில் அவசர அவசரமாகத் தயாரித்த சரக்கில் அது எக்கச்சக்கம். எலிகளுக்கு 2,4,5-டி கொடுத்துப் பார்த்தபோது ஊனமான குட்டிகள் பிறந்தன என்ற செய்தி 1969-இல் வெளிவந்தது. 1970 ஏப்ரலில் ஆரஞ்சை நிறுத்தினார்கள். நிறுத்தச் சொல்லிப் போராடியவர்களில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவரவியல் பேராசிரியரும் ஒருவர். சோயாச் செடியைச் சீக்கிரம் பூக்கவைக்கும் வழி தேடி இளமையில் ஆராய்ச்சி செய்தவர். பூக்கவைக்கும் அந்த மருந்து அளவு மிஞ்சினால் இலை உதிர்கிறது என்று போகிற போக்கில் எழுதிவைத்தார். ராணுவ ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது பூ இல்லை, இலை.

இனி மகன். எல்மோ 1946-இல் பிறந்தவர். சிறு வயதில் போலியோ வந்து தப்பியவர். இதயத்தில் பிறவிக் கோளாறு இருந்து அதற்கும் அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பைக் காரணம் காட்டி ஒதுங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுக் கடற்படை அதிகாரியானார். முதலில் கிடைத்தது நல்ல பெரிய கப்பல், ஏவுகணைகள் பொருத்திய நாசகாரிக் கப்பல். அதை விட்டுவிட்டு ஸ்விஃப்ட் படகுக்குப் போகிறேன் என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பாதான் அங்கே தளபதி, அப்பா தடுக்கவில்லை. ஊரார் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே தன் பிள்ளையை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ள அந்த மனிதரால் முடிந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1969-இல் எல்மோ கையில் 35-ஆம் எண் படகு வந்தது. அப்பா மருந்து தெளிக்கச் சொன்ன கரைகளின் ஓரமாகத்தான் வேலை. அந்த ஆற்றில் குளித்தார்கள். அந்தப் பக்கத்தில் விளைந்ததை வாங்கிச் சாப்பிட்டார்கள். மொட்டை மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது அவர்களுக்கு நிம்மதிதான் இருந்திருக்கும். கரை தெரிகிறது, ஆள் இருந்தால் தெரியும். இரண்டு வெண்கல நட்சத்திரப் பதக்கங்களோடு அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். சட்டம் படித்தார், திருமணம் நடந்தது, ஃபயட்வில் என்ற ராணுவ ஊரில் வக்கீலாக உட்கார்ந்தார். முதலில் பெண், 1977-இல் ஒரு பையன். பையன் வளர வளரத்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. கண்ணில் படுவதையும் காதில் விழுவதையும் ஒன்றாகச் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாத ஒரு கோளாறு. பள்ளிப் பாடம் பெரும் பாடாக இருந்தது.

1983 ஜனவரியில் எல்மோவுக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய், லிம்போமா, என்று உறுதியானது. 1985-இல் ஹாட்ஜ்கின் நோய் என்ற இன்னொரு வகைப் புற்றுநோயும் வந்தது. இரண்டும் ஒரே உடம்பில்.

அப்பாவும் மகனும் இதை மூடிவைக்கவில்லை. 1986-இல் 'மை ஃபாதர், மை சன்' என்ற நூலை எழுதினார்கள். அப்பா ஒரு பகுதி பேசுவார், பிறகு மகன் பேசுவார், குடும்பத்தார் பேசுவார்கள். நூலுக்குக் கிடைத்த கவனம் பெரிது. 1988-இல் கார்ல் மால்டன் அட்மிரலாகவும் கீத் காரடைன் எல்மோவாகவும் நடித்த தொலைக்காட்சிப் படம்கூட வந்தது. எனக்கு அந்த நூலில் முக்கியமாகப் படுவது ஒன்று. எல்மோ வக்கீல் அல்லவா, ஒரு வக்கீலாகவே தன் வழக்கைப் பார்க்கிறார். ஏஜென்ட் ஆரஞ்சுதான் என் நோய்க்கும் என் மகனின் கோளாறுக்கும் காரணம் என்று கோர்ட்டில் என்னால் நிரூபிக்க முடியாது, கையில் இருக்கும் ஆதாரம் போதாது என்கிறார். ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அந்த மருந்து இல்லாவிட்டால் அந்தக் கால்வாயிலேயே நான் செத்திருப்பேன் என்கிற கட்சி அவருடையது.

அட்மிரல் சொல்வது இன்னும் கடினமானது. இன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று தெரிந்திருந்தாலும் அந்த உத்தரவைப் போட்டிருப்பேன், ஏனென்றால் அது ஆயிரக்கணக்கான பையன்களின் உயிரைக் காத்தது என்கிறார். மகன் படுக்கையில் கிடக்கும்போது ஒரு தகப்பன் இதைச் சொல்கிறார். "தப்புப் பண்ணிவிட்டேன்" என்று அழுதிருந்தால் உலகம் எளிதாக மன்னித்திருக்கும். அவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை.

மரியாதை இருக்கிறது, உடன்பாடு இல்லை. அவருடைய கணக்கில் படகில் இருந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். கரையில் குடிசை போட்டிருந்தவர்கள், அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்தவர்கள், அந்தக் காட்டில் நண்டு பிடித்தவர்கள், இவர்களையும் சேர்த்து எண்ணியிருந்தால் 6 சதவீதம், 1 சதவீதம் என்ற அந்த விடை அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. போரில் தளபதி தன் ஆட்களைத்தான் எண்ணுவான் என்று சொல்லலாம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். தன் ஆட்களையே அவர் முழுதாக எண்ணவில்லையே. இருபது ஆண்டு கழித்துச் சாகப்போகிறவன் எந்த மாதத்துச் சதவீதத்தில் வருவான்?

1988 ஆகஸ்ட் 13 அன்று எல்மோ இறந்தார்.

வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கான கறுப்புக் கல் சுவர் இருக்கிறது. மாயா லின் என்ற மாணவி வடிவமைத்தது. 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள். எல்மோவுக்கு நோய் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1982 நவம்பரில் திறந்தார்கள். அதில் எல்மோ பெயர் கிடையாது. ஏஜென்ட் ஆரஞ்சால் பிற்பாடு நோய்ப்பட்டு இறந்தவர்களை அந்தச் சுவரில் சேர்ப்பதில்லை என்பது விதி. பக்கத்தில் அவர்கள் எல்லோருக்குமாகப் பெயரில்லாத ஒரு பொது நினைவுக்கல், அதுவும் 2004-இல்தான் வந்தது.

மகனை அடக்கம் செய்த பிறகு, வயது எழுபதை நெருங்கும்போது, அட்மிரல் தன் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றார். அதுவரை நிலவரம் இது: மருந்து தயாரித்த கம்பெனிகள் மேல் முன்னாள் படைவீரர்கள் போட்ட வழக்கு 1984 மே மாதம், விசாரணை தொடங்க வேண்டிய நாளில், 18 கோடி டாலருக்குச் சமரசமாக முடிந்தது. கேட்கப் பெரிய தொகை. பங்கு போட்டபோது ஆளுக்குச் சராசரியாக 3,800 டாலர். அரசாங்கமோ நோய்க்கும் மருந்துக்கும் தொடர்பு இருப்பதை நீ நிரூபி என்று நோயாளியிடமே கேட்டுக்கொண்டிருந்தது. 1989-இல் படைவீரர் நலத்துறைச் செயலர் எட்வர்ட் டெர்வின்ஸ்கி அட்மிரலைத் தன் சிறப்பு உதவியாளராக அமர்த்தினார். ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் படித்து 1990 மே மாதம் அட்மிரல் கொடுத்த அறிக்கை காரமானது. தொடர்பு இல்லை என்று சொன்ன அரசு ஆய்வுகளே கோணலாக நடத்தப்பட்டவை என்றார். லிம்போமா உட்பட 28 உடற்கேடுகளுக்குத் தொடர்பு இருக்கும் வாய்ப்பு, இல்லாமல் இருக்கும் வாய்ப்புக்குக் குறைந்ததில்லை என்று எழுதினார்.

1991 பிப்ரவரி 6 அன்று ஏஜென்ட் ஆரஞ்சு சட்டம் வந்தது. அதன் சாரம் எளிது. நீ வியட்நாமில் பணி செய்தாய், பட்டியலில் உள்ள நோய் உனக்கு வந்திருக்கிறது, போதும். மருந்து உன்மேல் பட்டதா, அதனால்தான் வந்ததா என்று நீ நிரூபிக்க வேண்டாம். சந்தேகத்தின் பலன் நோயாளிக்கு. கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு நாம் கொடுக்கும் சலுகை, சாகக் கிடந்த படைவீரனுக்குக் கிடைக்க இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. தேசிய மருத்துவ நிபுணர் குழுவின் முதல் அறிக்கை 1990-களின் தொடக்கத்தில் வந்தபோது, போதிய ஆதாரம் உள்ள நோய்கள் வரிசையில் எல்மோவுக்கு வந்த இரண்டும் இருந்தன. அவர் நிரூபிக்க முடியாது என்று சொன்னதை, நிரூபிக்கத் தேவையில்லை என்று ஆக்கியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர்.

அந்தப் பட்டியலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். ஆற்றுக்குள் வராமல் கடலிலேயே கப்பலில் இருந்தவர்களுக்கு, நீ தரையில் கால் வைத்தாயா என்று கேட்டு, இல்லை என்றால் சலுகை இல்லை என்று 2000-களில் திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் வியட்நாம் சென்று வந்தவர்களிடையே லிம்போமா ஒன்றரை மடங்கு என்று 1990-இல் அரசு ஆய்வே சொல்லியிருந்தது. அதிலும் கடலில் இருந்தவர்களிடம்தான் அது தூக்கலாகத் தெரிந்தது. கடல் நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும்போது டையாக்சின் நீராவியோடு சேர்ந்து வந்து குடிநீரில் செறிவாகும் என்று 2002-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்துக் காட்டினார்கள். கடைசியில் 2019-இல் ஆல்ஃபிரட் புரோகோப்பியோ என்ற முன்னாள் கடற்படை வீரரின் வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதே ஆண்டு தனிச் சட்டமும் வந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய 12 கடல்மைல் வரை கப்பலில் இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

வியட்நாம்காரர்கள் இன்னும் வெளியேதான். அவர்கள் அமெரிக்கக் கோர்ட்டில் போட்ட வழக்கு 2005-இல் தள்ளுபடி. மேல்முறையீடும் போயிற்று; 2009-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்தது. டா நாங் விமானத்தளத்தின் மண்ணை அமெரிக்கப் பணத்தில் சூடேற்றிச் சுத்தம் செய்யும் வேலை 2018-இல் முடிந்தது. பியன் ஹோவா தளத்தில் வேலை தொடங்கியிருக்கிறது. ஊனமுற்றவர்களுக்கு உதவி என்று கொஞ்சம் பணமும் வந்திருக்கிறது. நஷ்ட ஈடு என்ற சொல்லை மட்டும் எந்தக் காகிதத்திலும் பார்க்க முடியாது. அட்மிரல் 1994-இல் வியட்நாம் போனார், இந்த விஷயமாகத்தான். போனதே பெரிது. ஆனால் அவர் எழுதிய கணக்கை அவர் காலத்தில் யாரும் திருத்தி எழுதவில்லை.

2000 ஜனவரி 2 அன்று அட்மிரல் காலமானார், 79 வயதில். நோய் மீசோதிலியோமா. ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு தொடர்புள்ள நுரையீரல் உறைப் புற்றுநோய் அது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் நீராவிக் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ்தான் போர்வை. அவர் பெயரில் 2016-இல் ஒரு நாசகாரிக் கப்பல் கடற்படைப் பணியில் சேர்ந்தது.

இப்போது நடுவில் வேண்டும் என்றே விட்டுவிட்ட ஒரு பகுதிக்கு வருகிறேன். இந்தக் கூட்டத்துக்கு நான் இந்தக் கதையைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான்.

1986 பிப்ரவரியில் எல்மோவுக்கு சியாட்டில் நகரில் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கடைசித் தங்கைதான் கொடுத்தார். அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கொடுப்பவரை மயக்க மருந்து கொடுத்துக் குப்புறப் படுக்கவைக்கிறார்கள். இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறார்கள். இடம் மாற்றி மாற்றிப் பல தடவை. சேர்ந்தது ஏறக்குறைய ஒரு லிட்டர், பார்க்க அடர்ந்த ரத்தம் போலவே இருக்கும். கொடுத்தவருக்குச் சில நாள் இடுப்பு வலி, சில வாரங்களில் மஜ்ஜை மறுபடி ஊறிவிடும். வாங்குபவர் பாடுதான் பெரும்பாடு. அவருடைய சொந்த மஜ்ஜையை முன்னதாகவே கடும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிடுவார்கள். சளி பிடித்த ஒருவர் பக்கத்தில் வந்தாலே உயிருக்கு ஆபத்து என்ற நிலையில், தனி அறையில் கிடப்பார். பிறகு அந்தப் பையைத் தொங்கவிட்டு, நீங்கள் கொடுக்கும் ரத்தத்தை ஏற்றுவது போலவே ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அணுக்கள் ரத்தத்தோடு சுற்றித் தாமாகவே எலும்புக்குள் இடம் தேடிப் போய்க் குடியேறும். இதில் அறுப்பதும் இல்லை, தைப்பதும் இல்லை.

எல்மோவுக்கு அதனால் நோய் தீரவில்லை. இரண்டரை ஆண்டு கிடைத்தது. ஆனால் அவருக்குக் கொடுக்கப் பொருத்தமான தங்கை ஒருத்தி இருந்தாள். எச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தம் பார்த்துத்தான் மஜ்ஜை கொடுக்க முடியும். உங்கள் ஏ, பி, ஓ வகைகளை விட ஆயிரம் மடங்கு சிக்கல் அது. உடன்பிறந்தவர் ஒருவர் முழுப் பொருத்தமாக அமைய வாய்ப்பு நாலில் ஒன்று. உடன்பிறந்தவரே இல்லாதவர்கள், இருந்தும் பொருந்தாதவர்கள் என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் அந்த 1986-ஆம் ஆண்டில்தான் கடற்படையின் பணத்தில் தேசிய மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு தொடங்கியது. அதன் நிர்வாகக் குழுவுக்கு முதல் தலைவர் நம் அட்மிரல். இருபது ஆண்டுகளுக்கு முன் தன் ஆட்களை மட்டும் எண்ணியவர், முன்பின் தெரியாதவனுக்கு முன்பின் தெரியாதவன் கொடுக்கிற பட்டியல் ஒன்றை உண்டாக்கக் கூட நின்றார்.

அதே 1986-இல்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. ஆகவே இது நமக்குப் புதிய வைத்தியம் இல்லை. புதியது பதிவேடுதான். சென்னையில் தாத்ரி என்ற கொடையாளர் பதிவேடு 2009-இல் தொடங்கியது. பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனக்குழுவுக்குள்தான் கிடைக்கும். அமெரிக்கப் பதிவேட்டில் வெள்ளையர் ஒருவருக்கு முழுப் பொருத்தம் கிடைக்க 79 சதவீதம் வாய்ப்பு என்றால், கறுப்பினத்தவருக்கு 29 சதவீதம்தான்; அவர்களில் பெயர் கொடுத்தவர்கள் குறைவு என்பதும் ஒரு காரணம். தமிழ்க் குழந்தை ஒன்றுக்கு தலசீமியாவோ ரத்தப் புற்றோ வந்தால் ஜெர்மனியில் தேடிப் பயன் மிகக் குறைவு. இந்த மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும்தான் தேட வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. 18 முதல் 50 வயதுக்குள் இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும், ஊசிகூட இல்லை. இப்போதெல்லாம் பெரும்பாலும் இடுப்பெலும்பில் குத்துவதும் கிடையாது. ஐந்து நாள் ஓர் ஊசி போட்டு, பிறகு தட்டணுக்கள் கொடுப்பது போல மூன்று நான்கு மணி நேரம் கையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவதை, உங்கள் வீட்டாரும் வந்திருப்பதால், கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பெயர் கொடுத்த பல ஆண்டு கழித்துத் திடீரென்று போன் வரும். உங்கள் திசு ஒருவருக்குப் பொருந்துகிறது, வருகிறீர்களா என்று கேட்பார்கள். அப்போது அம்மா வேண்டாம் என்கிறார், மாமனார் யோசிக்கச் சொல்கிறார் என்று பின்வாங்குகிறவர்கள் நிறைய. முதல் போனிலேயே முடியாது என்று சொன்னால்கூட வேறு ஆள் தேட நேரம் இருக்கும். சம்மதம் சொல்லி, அந்தப் பக்கம் நோயாளியின் மஜ்ஜையை அழித்து முடித்த பிறகு வர மாட்டேன் என்றால் அவர் பிழைப்பது அரிது. ஆகையால் இன்று வெளியே மேசையில் படிவம் வாங்குபவர்கள், அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.